கேமராவை அப்புறம் வாங்கலாம், முதலில் மைக்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

மகள் பிளஸ் டூ வணிகவியல் முடித்திருக்கிறாள். நீங்கள் சி.ஏ. பவுண்டேஷனுக்குப் பணம் எடுத்து வைத்திருக்கிறீர்கள். அவளோ கலை அமைப்புகளுக்கும் கல்வி அறக்கட்டளைகளுக்கும் வீடியோ செய்து கொடுக்கப் போகிறேன் என்கிறாள், ஒன்றரை லட்சத்துக்குக் கேமரா கேட்கிறாள். "கல்யாண வீடியோ எடுக்கவா இவ்வளவு படிக்க வைத்தாய்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். இது சோறு போடுமா என்பது உங்கள் கேள்வி.

போடும். ஆனால் கேமரா இப்போது வேண்டாம். இந்த வேலைக்குச் சம்பளம் கிடைப்பது கேட்கத் தெரிவதற்கும் எழுதத் தெரிவதற்கும் கணக்கு வைக்கத் தெரிவதற்கும்தான். கேமராவை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு யார் பணம் தருகிறார்கள் என்று நீங்கள் கேட்டது சரியான கேள்வி. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் 135ஆவது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தச் சட்டம் அனுமதிக்கும் பணிகளில் கல்வியும் உண்டு, கலையும் பண்பாடும் மரபுச் சின்னங்களைக் காப்பதும் உண்டு. இந்தப் பணத்தில் ஒரு பகுதி அறக்கட்டளைகளுக்கும் சங்கங்களுக்கும் போகிறது. வாங்கியவர்கள் என்ன செய்தோம் என்று காட்ட வேண்டும், அடுத்த வருடத்துக்கும் கேட்க வேண்டும். அதற்கு அறிக்கையோடு ஒரு வீடியோவும் தேவைப்படுகிறது. ஆசிரியர் பயிற்சிக்கான பாடங்கள், கண்காட்சியில் ஓடும் சிறு படங்கள், வயதான கலைஞர்கள் குருவிடம் கற்ற பாடல் முறையை, அதாவது பாடாந்தரத்தைப் பதிந்து வைப்பது எல்லாம் இதோடு சேர்ந்த வேலைகள்தான்.

நீங்கள் இருக்கும் ஊரும் இதற்குத் தோதானது. ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் புதுச்சேரி. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அங்கே இருக்கிறது. புதுச்சேரியில் இருக்கும் சைவ ஓலைச்சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. பழைய வீடுகளைக் காக்கும் இன்டாக் கிளை, அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையம், ஆரோவில்லைச் சுற்றியுள்ள பள்ளிகள், நாடகக் குழுக்கள், வில்லியனூர் சுடுமண் கலைஞர்கள் என்று வரிசை நீளும். தெற்கே போனால் சிதம்பரத்தில் சிவராத்திரியையொட்டி நாட்டியாஞ்சலி. இவர்கள் எல்லாரும் நாளைக்கே வேலை கொடுப்பார்கள் என்று சொல்லவில்லை. சொல்வதற்கு விஷயம் இங்கே நிறைய இருக்கிறது, அதைத் தமிழிலேயே கேட்டுப் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் வசனவரி (சப்டைட்டில்) போடத் தெரிந்தவர்கள் குறைவு. அதைச் சொல்கிறேன்.

வேலை எப்படி இருக்கும் என்று ஓர் உதாரணம். தெருக்கூத்து கற்றுத்தரும் ஓர் அறக்கட்டளை, நிதி கொடுத்த நிறுவனத்துக்குக் காட்ட நான்கு நிமிட வீடியோ கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் கேமராவே போகாது. நோட்டுப் புத்தகம்தான் போகும். வாத்தியார் எத்தனை மணிக்கு வேஷம் கட்ட உட்காருகிறார், பிள்ளைகள் எந்தெந்த ஊரிலிருந்து வருகிறார்கள், விடிய விடிய நடக்கும் கூத்தில் பேட்டரிக்கு எங்கே சார்ஜ் போடுவது என்று எல்லாம் குறித்துக்கொண்டு வர வேண்டும். செயலாளரிடம் ஒரு கேள்வியைக் கேட்காமல் எழுந்து வரக் கூடாது: "இதை யார் பார்க்கப் போகிறார்கள்? பார்த்துவிட்டு அவர்கள் என்ன செய்ய வேண்டும்?" எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் முதலில் பதில் வரும். விடாமல் கேட்டால்தான், மும்பையில் இருக்கும் ஒரு அதிகாரி அடுத்த வருட நிதிக்குக் கையெழுத்துப் போடத்தான் இந்த வீடியோ என்பது வெளியே வரும். அவருக்குத் தமிழ் தெரியாது, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் சொல்லும் பேச்சுக்கு ஊரே ஏன் சிரிக்கிறது என்பதும் தெரியாது. படம் அங்கிருந்துதான் உருவாக வேண்டும்.

படப்பிடிப்பில் பெரும்பாலும் சொதப்புவது ஒலிதான். முகவீணை என்ற ஊதுகருவி உச்சத்தில் ஏறும்போது மைக் அளவு தானியங்கியில் இருந்தால் சத்தம் உடையும், அடுத்த நொடி பேச்சு அமுங்கும். கடற்கரைச் சாலையில் பேட்டி எடுத்தால் காற்று மட்டும்தான் பதிவாகும், மைக்குக்கு மேல் ரோம உறை போட்டாக வேண்டும். ஒப்பனைக் கொட்டகை டியூப்லைட் வீடியோவில் மினுங்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் அது நிற்கும். இவையெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியவைதான், கைப்பேசியிலேயே பழகலாம். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே ஆரம்பத்துக்குப் போதும்.

அப்புறம்தான் பொறுமை தேவைப்படும் கட்டம். இரண்டு மணி நேரப் பேட்டியை வரிவரியாகத் தட்டச்சு செய்து, தேவையானதைக் கோடிட்டு, நான்கு நிமிடத்துக்குச் சுருக்க வேண்டும். இதை விரும்பிச் செய்கிறாளா, சலித்துக்கொள்கிறாளா என்று பாருங்கள். அவளுக்கு இந்த வேலை ஒத்துவருமா என்பது இதில்தான் தெரியும்.

அவள் வணிகவியல் படித்தது வீண் என்று வருத்தப்பட வேண்டாம். அறக்கட்டளைக்காரர்கள் தணிக்கைக்குக் கணக்கு காட்ட வேண்டியவர்கள். மொத்தமாக ஒரு தொகை எழுதிய விலைப்புள்ளி கொடுப்பவரைவிட, ஆயத்தம் இரண்டு நாள், படப்பிடிப்பு இரண்டு நாள், எடிட்டிங் ஆறு நாள், வாடகை, வண்டி, மொழிபெயர்ப்பு என்று தலைப்புத் தலைப்பாகப் பிரித்துக் கொடுப்பவரைத்தான் அவர்கள் மறுபடி கூப்பிடுவார்கள். கையெழுத்தானதும் ஒரு பங்கு, எடிட் செய்த முதல் வடிவத்தைக் காட்டியதும் ஒரு பங்கு, இறுதிக் கோப்பைக் கொடுக்கும்போது மீதி என்று பேசிக்கொள்ள வேண்டும். திருத்தம் இரண்டு முறைதான் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் தலைவர் பேசியதையும் சேருங்கள், துணைத்தலைவரையும் காட்டுங்கள் என்று இழுத்துக்கொண்டே போகும். "சேவைதானேம்மா, பார்த்துப் போட்டுக்கொடு" என்று கேட்பார்கள். நல்ல காரியத்துக்குக் குறைத்துக் கொடுக்கலாம், தப்பில்லை. அப்படிக் கொடுத்தாலும் முழுத் தொகையைப் பில்லில் எழுதி, தள்ளுபடியைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் அடுத்த முறை அந்தக் குறைந்த தொகையே விலையாகிவிடாது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. பணம் தருபவர் டிடிஎஸ், அதாவது வரியை முன்கூட்டியே பிடித்தால் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து, வரவேண்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு சட்ட விஷயங்களை அவள் ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அவரே முதல் உரிமையாளர். தன் வேலையின் மாதிரியாகப் பிறருக்குக் காட்டிக்கொள்ளும் அனுமதியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். இரண்டாவது, குழந்தைகள். பள்ளியில் எடுப்பதென்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம். காப்பகத்தில் இருக்கும் குழந்தையின் முகமோ பெயரோ பள்ளியோ வெளியே தெரியும்படி காட்டுவது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74ஆவது பிரிவுப்படி குற்றம். அமைப்பே கேட்டாலும் மறுக்க வேண்டும். பின்னாலிருந்தும், கைகளை மட்டும் காட்டியும், குரலை மாற்றியும் அழகாக எடுக்க முடியும்.

வருமானம் மாதாமாதம் ஒரே அளவில் வராது. நிதியாண்டு மார்ச்சில் முடிவதால் ஜனவரி முதல் மார்ச் வரை வேலை குவியும். ஏப்ரல், மே காலியாக இருக்கும். கல்யாண எடிட்டிங்கைச் சொந்தக்காரர்கள் இளக்காரமாகப் பேசினாலும் நான் அதைத் தள்ளிவைக்கச் சொல்ல மாட்டேன். சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் அந்தக் காலி மாதங்களை நிரப்பும். முகூர்த்தமே இல்லாத மார்கழியில் சபா நிகழ்ச்சிகள் வரும், ஆடியில் அம்மன் கோயில் கூத்துகள் வரும். வருடம் முழுக்கக் கையில் வேலை இருக்கும்படி இரண்டையும் சேர்த்து ஓட்டலாம்.

படிப்பைப் பற்றி. சென்னை தரமணியில் அரசு நடத்தும் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் எடிட்டிங்கிலோ ஒலிப்பதிவிலோ இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். கிடைக்காவிட்டால், லட்சங்கள் கட்டி ஒரு சுமாரான கல்லூரியில் விஸ்காம் படிக்க வைப்பதைவிட, கடலூரில் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் பி.காம். படிக்கட்டும், வார இறுதிகளில் இதைப் பழகட்டும் என்பேன். புதுச்சேரி அரசுக் கல்லூரிகளின் சேர்க்கை சென்டாக் என்ற அரசு சேர்க்கைக் குழு வழியாக நடக்கிறது, அங்கே உள்ளூர் இருப்பிடச் சான்று உள்ளவர்களுக்கே முன்னுரிமை. ஆனால் முதுகலையில், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் நுழைவுத் தேர்வு எழுதிப் புதுவைப் பல்கலைக்கழகத்தின் இதழியல், மின்னணு ஊடகப் படிப்புகளுக்கு அவள் போட்டியிடலாம்.

அதற்குமுன் இந்த விடுமுறையிலேயே ஒரு வேலை கொடுங்கள். ஒரு நல்ல காலர் மைக் வாங்கிக் கொடுங்கள், சில ஆயிரத்தில் முடியும். அவள் படித்த பள்ளியிலோ பக்கத்து நூலகத்திலோ ஒருவரைத் தேர்ந்து மூன்று நிமிட வீடியோ செய்யட்டும். பேட்டி, தட்டச்சு, எடிட்டிங், ஆங்கில வசனவரி எல்லாம் அவளே செய்ய வேண்டும். வீட்டு ஆட்களிடம் கருத்துக் கேட்க வேண்டாம், அந்தத் தலைமையாசிரியரிடமோ நூலகரிடமோ காட்டட்டும். வாடகைக்கு எடுக்கும் கேமராவுக்கு ஒரு வருடத்தில் அதன் விலையில் பாதியைக் கட்டிவிட்டாள் என்றால் அப்போது சொந்தமாக வாங்குங்கள்.

பெண் பிள்ளை, இரவுக் கூத்துக்குத் தனியாகப் போவதா என்று பயப்படுகிறீர்கள். நியாயமான பயம். இரவு வேலைக்கு இரண்டு பேராகத்தான் போவது, போகவர வண்டி என்ற இரண்டையும் விலைப்புள்ளியிலேயே செலவாக எழுதிவிடலாம். முறையான அமைப்புகள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. மறுக்கிற இடத்து வேலை நமக்கு வேண்டாம்.

வீட்டில் கடன் இருக்கிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பட்டம் முடித்ததும் தனியாகத் தொழில் தொடங்க விட வேண்டாம். தொண்டு நிறுவனங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் தகவல்தொடர்பு, ஆவணப்படுத்தல் பிரிவுகளில் மாதச் சம்பள வேலைகள் உண்டு. இரண்டு மூன்று வருடம் அங்கே இருந்தால் நிதி எப்போது வருகிறது, யார் முடிவெடுக்கிறார்கள், அறிக்கையில் என்ன கேட்கிறார்கள் என்று உள்ளிருந்தே பார்த்துவிடுவாள். கடன் அடைந்து, கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணமும் மறுபடி கூப்பிடும் இரண்டு அமைப்புகளும் சேர்ந்த பிறகு அவள் தனியாகப் போகட்டும்.