மடிக்கணினி பழுதுபார்ப்பில் இருக்கும்போது புராஜெக்ட்டை எப்படி முடிப்பது?

கேள்வி: நான் பொறியியல் இறுதியாண்டு மாணவி. வாங்கி எட்டு மாதமே ஆன என் மடிக்கணினி இயங்கவில்லை. மதர்போர்டு பழுது என்றும், வாரண்டியில் மாற்றித் தருவதாகவும், உதிரிபாகம் வர மூன்று வாரம் ஆகும் என்றும் சர்வீஸ் சென்டரில் சொல்கிறார்கள். புராஜெக்ட் கோப்புகள் அனைத்தும் அதில்தான் உள்ளன. வேறொன்று வாங்க வசதியில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, கோவை

பதில்: வாரண்டி இயந்திரத்துக்கு மட்டுமே உண்டு, உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது. ஆகவே அவற்றை மீட்பதே உங்கள் முதல் வேலை. மதர்போர்டு பழுதானாலும், கோப்புகள் சேமிக்கப்படும் எஸ்எஸ்டி பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும். ஆனால் விண்டோஸ் 11 உள்ள பல மடிக்கணினிகளில், கோப்புகளைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் பிட்லாக்கர் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும். அதன் திறவுகோல் பழைய போர்டுடன் பிணைந்திருப்பதால், போர்டை மாற்றினாலும் எஸ்எஸ்டியை வேறு கணினியில் இணைத்தாலும் 48 இலக்க மீட்பு எண் கேட்கப்படும். கைபேசி வழியாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, எஸ்எஸ்டியைக் கழற்றித் தரும்படி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். நீங்களே திறந்தால் வாரண்டியில் சிக்கல் வரக்கூடும். கழற்றிய எஸ்எஸ்டியை யுஎஸ்பி கேஸில் (கணினியுடன் வெளியிலிருந்து இணைக்க உதவும் பெட்டி) பொருத்தி, கல்லூரி லேப் கணினியில் கோப்புகளை நகலெடுத்துக்கொள்ளலாம். போர்டுடனேயே பற்றவைக்கப்பட்ட எஸ்எஸ்டி என்றால் இந்த வழி உதவாது.

ஒப்படைக்கும்போது தரப்படும் ஜாப் ஷீட்டில் சீரியல் எண், தேதி, பழுதின் விவரம் ஆகியவற்றோடு உடைப்போ நீர்க்கசிவோ இல்லை என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாரண்டியை மறுக்கப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணங்கள் இவ்விரண்டுதான். தாமதம் நீண்டால் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளியுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை. இருப்பினும் பொருளை ஆய்வுக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்குக்கே சட்டம் 3 மாத அவகாசம் தருகிறது என்பதால், உங்கள் புராஜெக்ட்டுக்கு அது உரிய நேரத்தில் கைகொடுக்காது.

எனவே மாற்றுக் கணினி தேவை. அது புதியதாக இருக்க வேண்டியதில்லை. வீட்டிலோ உறவினரிடமோ தூங்கிக்கொண்டிருக்கும் பழைய மடிக்கணினியில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ரேமை 8 ஜிபியாக உயர்த்தி, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் நிறுவினால் பைத்தான், சி, அறிக்கை எழுதுதல் எல்லாம் தாராளமாக நடக்கும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், பழைய கணினிக்கு லினக்ஸையே நான் பரிந்துரைப்பேன். ஆட்டோகேட் போன்ற கனமான மென்பொருள்களுக்குக் கல்லூரி லேபையும், மெஷின் லேர்னிங் பயிற்சிக்கு, இணையத்திலேயே நிரலை இயக்க உதவும் கூகுள் கோலாபையும் பயன்படுத்துங்கள். நிரலை அன்றன்றே கிட்ஹப் என்ற இணையச் சேமிப்புத் தளத்தில் ஏற்றிவிடுங்கள்.

மடிக்கணினி திரும்பி வந்ததும், கையெழுத்திடுவதற்கு முன் பயாஸ் திரையை (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கக்கூடிய அமைப்புத் திரை) திறந்து, புதிய போர்டில் உங்கள் பழைய சீரியல் எண்ணே பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது விடுபட்டிருந்தால், அடுத்த முறை வாரண்டி கேட்கும்போது வீண் அலைச்சல் உண்டாகும்.