ஒரே ஒரு கத்தி: காட்டுக்குப் போகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

கோடரி இல்லை, அரிவாள் இல்லை, ரம்பமும் இல்லை. இடுப்பில் ஒரு கத்தி மட்டும். அதை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டவர்களில் பாதிப் பேர் எஃகின் பெயரில்தான் நிற்கிறார்கள். காட்டில் ஒரு கத்தி காலை வாருவது பெரும்பாலும் வேறு வழிகளில்: உடையும், தொலையும், இல்லாவிட்டால் பிடித்தவரையே வெட்டும். பதில்கள் இந்த மூன்றையும் மனதில் வைத்தே சொல்லப்பட்டவை.

கே: அலகு எவ்வளவு நீளம் இருக்கலாம்? பெரிதாக வாங்கினால் வெட்டவும் ஆகும், சீவவும் ஆகும் அல்லவா?

ப: 10 முதல் 13 செ.மீ. நீளம், 3 முதல் 4 மி.மீ. தடிமன். 25 செ.மீ. கத்தி கிளையை வெட்டும், உண்மைதான். ஆனால் காட்டில் ஒரு நாள் முழுக்கக் கத்திக்கு என்ன வேலை என்று எண்ணிப் பாருங்கள்: முளைக்குச்சி சீவுவது, குச்சியில் பள்ளம் எடுப்பது, கயிறு அறுப்பது, மீன் கழுவுவது, தீ மூட்டச் சீவல் எடுப்பது. அத்தனையும் நுணுக்க வேலை. முனை கையை விட்டுத் தள்ளிப் போகப் போக அதன் மேல் உள்ள பிடிமானம் குறையும். களைத்த கையில் அது இன்னும் மோசம்.

8 செ.மீ.க்குக் கீழே போனால் மணிக்கட்டுப் பருமனுள்ள கட்டையைக்கூடப் பிளக்க முடியாது. தடிமனிலும் ஆசை வேண்டாம். 6 மி.மீ. அலகு கடப்பாரைபோல் உறுதியாக இருக்கும். ஆனால் அதனால் ஓர் உருளைக்கிழங்கை நறுக்கிப் பார்த்தால் துண்டு விழாது, பாதியில் பிளந்து தெறிக்கும். மரத்திலும் அதே கதைதான்.

கே: ‘ஃபுல் டாங்’ இல்லாவிட்டால் உடைந்துவிடும் என்கிறார்களே?

ப: அலகின் எஃகு கைப்பிடிக்குள்ளும் வால்போல் நீண்டு போகும். அதுதான் டாங். கைப்பிடியின் நீளத்துக்கும் அகலத்துக்கும் அது முழுசாக இருந்தால் ஃபுல் டாங். உள்ளே மெலிந்து எலிவால்போல் போனால் பலம் குறைவு.

உடைகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: அலகு முடிந்து வால் தொடங்கும் தோள். அந்த மூலை செங்கோணமாக வெட்டப்பட்டிருந்தால் அடியின் விசை முழுவதும் அங்கே குவிந்து விரிசல் விடும். கொஞ்சம் வளைவாக விட்டிருந்தால் தாங்கும். எடை குறைக்க வாலில் பெரிய பெரிய ஓட்டைகள் போட்ட கத்திகளும் உண்டு. பெயருக்கு ஃபுல் டாங், பலத்துக்கு இல்லை.

வாங்கும்போது கைப்பிடியைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். இரண்டு பலகைகளுக்கு நடுவே எஃகு ஒரு கோடாகச் சுற்றிலும் தெரிய வேண்டும். ரப்பரோ பிளாஸ்டிக்கோ வார்த்து மூடியிருந்தால் கைப்பிடியின் அடியில் எஃகு எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள்.

மோரா நிறுவனத்தின் இரண்டு கத்திகளை ஒப்பிட்டால் விஷயம் புரியும். காம்பானியனில் அலகு 2.5 மி.மீ.; வால் கைப்பிடியின் கடைசிவரை வராது. சீவுவதற்கு அதைப்போல் சுகமான கத்தி அந்த விலையில் குறைவு. கார்பர்க்கில் 3.2 மி.மீ. அலகு, ஃபுல் டாங். ஒரே கத்தி என்றால் இரண்டாவது. கூடவே சின்ன ரம்பமும் கொண்டு போகிறவருக்கு முதலாவதே போதும்.

கே: கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸ்ஸா? 1095, டி2, 14சி28என் என்று எஃகு வகைகளின் பெயர்களைப் படித்துத் தலை சுற்றுகிறது.

ப: மழை, ஈரம், கடலோரம் என்றால் ஸ்டெயின்லெஸ். வறண்ட இடம் என்றால் எது கைக்கு வருகிறதோ அது.

1095-இல் கார்பன் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும். எளிதாகக் கூர் ஏறும். ஈரத்தோடு உறையில் போட்டால் மறுநாள் காலையில் செம்புள்ளி தெரியும். டி2-வில் கார்பன் 1.5, குரோமியம் 12 சதவீதம் அளவில். கூர் நீண்ட நேரம் நிற்கும், ஆனால் வாய் (வெட்டும் விளிம்பு) பல் விழும், அதாவது சிறு துண்டுகளாகப் பெயரும். காட்டில் கிடைக்கும் கல்லில் தேய்த்தால் அசையவே அசையாது. அவ்வளவு குரோமியம் இருந்தும் துருவும் பிடிக்கும், ஏனென்றால் அதில் ஒரு பங்கு கார்பனோடு சேர்ந்து கட்டுண்டு கிடக்கிறது. 12சி27, 14சி28என் போன்ற ஸ்டெயின்லெஸ் வகைகள் ஈரத்தையும் தாங்கும், சாதாரணக் கல்லுக்கும் மசியும்.

பெயரை விடப் பதம் (சூட்டில் வாட்டி எஃகுக்குக் கொண்டுவந்த கடினம்) முக்கியம். எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 56 முதல் 59 வரை இருக்கட்டும். மடங்கிய வாயை நிமிர்த்திவிடலாம். பல் விழுந்த வாயைச் சுற்றியுள்ள எஃகையெல்லாம் தேய்த்துத் தீர்த்தால்தான் சரியாகும். ஒரே கத்தி வைத்திருப்பவர் கொஞ்சம் மெத்தென்ற பக்கமே சாய்வது நல்லது.

கே: ஸ்காண்டி, ஃபிளாட் என்று வாயின் அமைப்பில் பல வகை சொல்கிறார்கள். எதை எடுப்பது?

ப: ஸ்காண்டியில் ஒரே ஓர் அகலமான சரிவு வாய்வரை இறங்கும். இரு பக்கமும் சேர்த்து 20 முதல் 25 டிகிரி. மரத்தில் வைத்தால் சரிவு அப்படியே படிந்துகொண்டு போகும். எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பது கைக்குத் தானாகத் தெரியும். தீட்டுவதும் சுலபம்: சரிவு முழுவதையும் கல்லில் படுக்க வைத்தால் கோணம் தானே அமைந்துவிடும். குறை என்னவென்றால், வாய் மெலிவு. எலும்பிலோ காய்ந்த கணுவிலோ முறுக்கினால் மடியும்.

ஃபிளாட் என்பது முதுகிலிருந்து வாய்வரை மெலிந்து வந்து, கடைசியில் குட்டியாக இன்னொரு சரிவு. நறுக்குவதற்கு மிக நன்று, வாயும் உறுதி. தீட்டும்போது மட்டும் கோணத்தைக் கையால் பிடிக்க வேண்டும்.

தீட்டிப் பழக்கம் இல்லாதவருக்கு ஸ்காண்டி. பழக்கம் உள்ளவருக்கு ஃபிளாட். உட்குழிவாகத் தேய்த்த ஹாலோ வகையை மரவேலைக்கு வாங்காதீர்கள். ஆழமாக இறங்கும்போது சிக்கிக்கொள்ளும்.

கே: முதுகில் ரம்பப் பல், கைப்பிடிக்குள் திசைகாட்டியும் தூண்டில் முள்ளும் உள்ள கத்தி வாங்கலாமா?

ப: வேண்டாம். கைப்பிடி குழாயாக இருந்தால் உள்ளே வாலுக்கு இடமே இல்லை. சிலவற்றில் அலகு ஒரு நட்டில்தான் நிற்கிறது. அந்த ரம்பப் பற்கள் இரு பக்கமும் விரிந்து இருக்காது. இரண்டு அங்குலக் குச்சியில் பாதி போவதற்குள் தூள் அடைத்து நின்றுவிடும். மரத்தைப் பிளக்கும்போது கட்டையால் முதுகைத் தட்டவும் அவை விடா.

கே: ஃபெர்ரோ ராடில் (சுரண்டினால் பொறி பறக்கும் உலோகக் குச்சி) தீப்பொறி எடுக்க கார்பன் எஃகுதான் வேண்டுமாமே?

ப: இரண்டு வேறு விஷயங்கள் கலந்துவிட்டன. சக்கிமுக்கிக் கல்லில் தட்டும்போது கல் எஃகைச் சுரண்டுகிறது; எரிவது எஃகுத் துகள். அதற்குப் பதம் ஏறிய கார்பன் எஃகு வேண்டும். ஃபெர்ரோ ராடில் கத்தி ராடைச் சுரண்டுகிறது. எரிவது ராடில் உள்ள சீரியம் என்ற உலோகம். அங்கே எந்த எஃகும் ஆகும், கடினமான கூர்மூலை மட்டும் இருந்தால் போதும்.

ஆகவே பார்க்க வேண்டியது முதுகை. நகத்தை முதுகின் விளிம்பில் குறுக்கே இழுங்கள். வெள்ளைத்தூளாகச் சுரண்டி வந்தால் சரி. வழுக்கினால் மூலை உருண்டிருக்கிறது. தட்டை அரத்தை முதுகின் மேல் சமமாக வைத்து, ஒரே திசையில் 20, 30 முறை தள்ளினால் செங்கோணம் வந்துவிடும். 4 செ.மீ. நீளம் போதும், கட்டைவிரல் அழுத்தும் இடத்தை உருட்டையாகவே விடுங்கள்.

புது ராடில் கறுப்புப் பூச்சு இருக்கும், முதலில் அதைச் சுரண்டி எடுங்கள். பற்றவைக்கும்போது கத்தியை அசைக்காமல் பிடித்து ராடைப் பின்னால் இழுப்பதே முறை. கத்தியை முன்னால் தள்ளினால் பாடுபட்டுச் சேர்த்த சீவலை நீங்களே இடித்துச் சிதறடிப்பீர்கள். கத்தியின் வாயால் ஒருபோதும் சுரண்டக் கூடாது.

கே: கட்டையைக் கத்தியால் பிளந்தால் கத்தி கெட்டுவிடாதா?

ப: முறை தெரியாமல் செய்தால் கெடும். பிளக்கும் கட்டையின் குறுக்களவை விட அலகு 4, 5 செ.மீ. நீண்டிருக்க வேண்டும். 12 செ.மீ. அலகுக்கு 7, 8 செ.மீ. கட்டை. கணு இல்லாததாக, நார் நேராக ஓடுவதாகப் பாருங்கள். கட்டையின் தலையில் வைத்த அலகின் முதுகில் தட்டுவதற்கு முழங்கை நீளத்தில், கைக்குள் அடங்கும் பருமனில் ஒரு பச்சைக் கட்டை. இரும்பாலும் கல்லாலும் தட்டவே கூடாது.

முதல் இரண்டு அடி அலகின் நடுவில். அலகு மரத்துக்குள் மறைந்ததும் வெளியே நீட்டியிருக்கும் முனைப்பக்கம் தட்டுங்கள். முனை மட்டும் இறங்கிக் கைப்பிடி மேலே தூக்கினால், கைப்பிடியைக் கீழே அழுத்தி அலகைக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்த அடி. சாய்ந்த அலகை அடிப்பதில்தான் தோள் விரிசல் விடுகிறது.

கணுவில் மாட்டிக்கொண்டதா? பக்கவாட்டில் ஆட்டாதீர்கள். வாய் வளைவதும் பல் விழுவதும் அந்த ஆட்டத்தில்தான். பிளவில் ஓர் ஆப்பைச் செருகித் தட்டுங்கள். பிளவு விரிந்ததும் கத்தி தானாக விடுபடும். உண்மையில், தொடங்குவதற்கு முன்பே இரண்டு மூன்று ஆப்புகளைச் சீவி வைத்துக்கொண்டு, கத்தியால் பிளவைத் தொடங்கிவிட்டு மீதியை ஆப்புகளிடம் விடுபவரின் கத்திதான் நெடுநாள் வரும். கடுங்குளிரில் எஃகு நொறுங்கும் தன்மை கூடும். அப்போது ஓங்கி அடிக்க வேண்டாம்.

கே: கைப்பிடியில் எதைப் பார்க்க வேண்டும்?

ப: 11, 12 செ.மீ. நீளம், முட்டை வடிவ வெட்டு. உருண்டையாக இருந்தால் வாய் எந்தப் பக்கம் என்று இருட்டில் கைக்குத் தெரியாது. விரல் விரலாகப் பள்ளம் போட்டவை ஒரு பிடிக்கு மட்டுமே சரி; பிடியை மாற்றினால் மேடுகள் உள்ளங்கையில் குத்தும். இறுகப் பிடித்துப் பத்து நிமிடம் குச்சி சீவிப் பாருங்கள், எங்கே கொப்புளம் வரப் போகிறது என்று தெரிந்துவிடும். பச்சை, காக்கி நிறங்கள் இலைகளுக்குள் விழுந்தால் கண்ணில் படாது. ஆரஞ்சு நிற நாடா இரண்டு சுற்று ஒட்டுங்கள்.

கே: உறை தோலா, பிளாஸ்டிக்கா?

ப: கத்தியைப் போட்டுத் தலைகீழாகக் கவிழ்த்து உதறுங்கள். விழுந்தால் அந்த உறை வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், கார்பன் எஃகை அதிலேயே மாதக்கணக்கில் விடாதீர்கள். பிளாஸ்டிக்குக்கு ஒரே குறை, உள்ளே மணல் போனால் அலகைக் கீறும், கழுவினால் தீர்ந்தது.

கே: சாணைக்கல் கையில் இல்லை. எப்படித் தீட்டுவது?

ப: ஆற்றில் வழவழப்பான, தட்டையான, நெருங்கிய துகள் உள்ள கல்லைத் தேடுங்கள். நனைத்துக்கொண்டு, கல்லை மெல்லிசாகச் சீவுவதுபோல் வாயை முன்னால் தள்ளுங்கள், அடியிலிருந்து முனைவரை. ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் பிசிர் எழும். விரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகக் குறுக்கே மெல்ல வழித்தால் சொரசொரப்பாகத் தட்டுப்படும். முழு நீளத்துக்கும் அது வந்த பிறகே பக்கம் மாற்ற வேண்டும். பாதியில் மாற்றுவதால்தான் பலருக்குக் கூர் ஏறுவதில்லை. இரண்டு பக்கமும் ஆனதும் இடுப்பு வாரின் உட்புறத்தில், முதுகு முன்னே போகும்படி, பக்கத்துக்கு 20 இழுப்பு. பீங்கான் குவளையின் அடியில் பூச்சில்லாத வளையமும் நல்ல சாணைதான்.

கே: அவசரத்தில் கத்தியை ஈட்டிபோல் கம்பில் கட்டலாமா?

ப: கட்டாதீர்கள். எறிந்தால் தொலையும், குத்தினால் முனை முறியும். அதே கத்தியால் கம்பின் நுனியைச் சீவி, தணலில் காட்டிக் காய வைத்தால் ஈட்டி தயார். கத்தியும் இடுப்பில் இருக்கும்.

கே: காயத்தில் முள் எடுக்கும் முன் கத்தி முனையை நெருப்பில் காட்டிச் சுத்தம் செய்யலாமா?

ப: கடினமாக்கிய சாதாரணக் கார்பன் எஃகை மறுபடி சூடாக்கிப் பதப்படுத்துவது 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில். மெல்லிய முனை தீயில் சில நொடிகளிலேயே அதைத் தாண்டிவிடும். எஃகின் மேல் வைக்கோல் மஞ்சள் நிறம் வரும்வரை பாதகமில்லை. நீலம் ஏறிவிட்டால் அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது, இனி அங்கே கூர் நிற்காது. கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரிதான். அலகை அதில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள், துடைத்துக் காய வையுங்கள்.