எந்த ஆண்டு அலி, எந்த ஆண்டு டைசன்?

கேள்வி: முகமது அலியும் மைக் டைசனும் தங்கள் உச்சத்தில் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார்? டைசன்தான் என்கிறார் என் நண்பர். "அலியை லாரி ஹோம்ஸ் தோற்கடித்தார். அந்த ஹோம்ஸை டைசன் நாலே சுற்றில் வீழ்த்தினார். அதோடு கணக்கு முடிந்தது" என்பது அவர் வாதம். எனக்கும் அது சரியாகவே படுகிறது. உங்கள் தீர்ப்பு என்ன?

பதில்: என் தீர்ப்பு அலி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் நண்பரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டை விவாதங்களைப் பாழாக்குவது பெரும்பாலும் இந்த மாதிரிக் கணக்குதான்.

1980 அக்டோபரில் ஹோம்ஸுக்கு எதிரே நின்றவர் 38 வயது அலி. இரண்டு ஆண்டுகளாகச் சண்டையே போடாதவர். உடல் இளைத்திருந்தது, ஆனால் கை எழவில்லை, கால் நகரவில்லை. பத்துச் சுற்று அடி வாங்கிய பிறகு பயிற்சியாளர் ஏஞ்சலோ டன்டீயே சண்டையை நிறுத்தினார். சரி, 1988 ஜனவரியில் டைசன் வீழ்த்திய ஹோம்ஸ் யார்? அவருக்கும் அப்போது 38 வயது. 1986 ஏப்ரலுக்குப் பிறகு வளையத்துக்குள் கால் வைக்காதவர். டைசனுக்கோ 21. தேய்ந்துபோன இரண்டு பேரின் தோல்விகளை ஒட்டவைத்து, உச்சத்தில் இருக்கும் இருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எல்லோரும் நல்ல வலுவோடு இருந்த காலத்திலும் இந்தக் கணக்கு பலிக்கவில்லை. 1971இல் ஜோ ஃப்ரேசியர் அலியைத் தோற்கடித்தார். 1973 ஜனவரியில் அதே ஃப்ரேசியரை ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டே சுற்றில் ஆறு முறை தரையில் சாய்த்தார். அதே 1973இல் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார். மறு ஆண்டு கராகஸில் நார்ட்டனையும் ஃபோர்மன் இரண்டே சுற்றில் முடித்தார். உங்கள் நண்பர் அப்போது இருந்திருந்தால், 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் அலி ஒரு சுற்று தாண்டுவார் என்றுகூடச் சொல்லியிருக்க மாட்டார். எட்டாவது சுற்றில் விழுந்தவர் ஃபோர்மன்.

காரணம் பாணி. குனிந்தபடி நேராக உள்ளே வரும் ஃப்ரேசியர், கீழிருந்து மேலே குத்தும் ஃபோர்மனின் கைக்குத் தானாகவே வந்து சேர்ந்தார். அலி அப்படி வரவில்லை. கயிற்றில் சாய்ந்து, முன்னங்கைகளில் அடியை வாங்கி, ஃபோர்மனின் மூச்சைத் தீர்த்தார். யார் பெரிய வீரர் என்பதைவிட, யாருடைய பலம் யாருடைய பலவீனத்தில் போய் இறங்குகிறது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

இப்போது உங்கள் சண்டைக்கு வருகிறேன். 'உச்சத்தில்' என்றால் ஆண்டைச் சொல்லியாக வேண்டும். என் அலி, 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை அநேகமாக அடியே வாங்காமல் மூன்றாவது சுற்றில் முடித்த அலி. அடுத்த ஆண்டே ராணுவத்தில் சேர மறுத்ததற்காக உலக சாம்பியன் பட்டத்தைப் பறித்து, மூன்றரை ஆண்டுகள் சண்டை போடவிடாமல் செய்தார்கள். அவருடைய கால்களின் மிகச் சிறந்த காலம் அப்படியே போயிற்று. இன்றும் எனக்கு ஆறாத விஷயம் அது. என் டைசன், 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் சாய்த்த டைசன். உலகத்தில் எந்த ஹெவிவெயிட்டும் அந்த இரவு அவர் முன்னால் நிற்க யோசித்திருப்பார்.

எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. அலி சுமார் 212 பவுண்டு, டைசன் சுமார் 218. உயரம்தான் பேசும்: அலி 6 அடி 3 அங்குலம், டைசன் 5 அடி 10. கைவீச்சில் அலிக்கு ஏழு அங்குலம் கூடுதல்.

டைசனுக்கு வாய்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். அலியின் வாழ்நாள் பலவீனம் எதிரியின் இடது ஹுக், அதாவது இடக்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து. 1963இல் ஹென்றி கூப்பர் அதைக் கொண்டுதான் அவரைச் சாய்த்தார், 1971இல் ஃப்ரேசியரும் அதே குத்தில்தான். டைசனின் இடது ஹுக் இவர்கள் இருவருடையதையும்விட வேகமானது என்பது என் கருத்து. முதல் நான்கு சுற்றுகள் அலிக்கு உண்மையிலேயே ஆபத்து.

அந்த நான்கு தாண்டினால்? 1987இல் 'போன்கிரஷர்' ஸ்மித் கட்டிப்பிடித்தே பன்னிரண்டு சுற்றையும் ஓட்டினார். பிடியில் சிக்கியதும் டைசன் கையைத் தளர்த்தி நடுவர் பிரித்துவிடும்வரை காத்திருந்தார். அதே ஆண்டு உயரமான டோனி டக்கரும் கடைசிவரை நின்றார். எதிரியின் பின்கழுத்தைப் பிடித்து இழுத்து வைப்பதில் அலியைப் போலத் தேர்ந்தவர் குறைவு. தூரத்தில் ஜாப் (முன்னால் உள்ள கையால் சட்டென்று நேராகக் குத்துவது), நெருங்கினால் பிடி. 1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் ஏறக்குறைய இதைத்தான் செய்து பத்தாவது சுற்றில் டைசனை நாக் அவுட் செய்தார். அன்றைய டைசன் 1988இன் டைசன் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டக்ளஸும் அலி அல்ல.

சண்டை எத்தனை சுற்று என்றும் உங்கள் நண்பரிடம் கேளுங்கள். அலியின் காலத்தில் பட்டப் போட்டி 15 சுற்று. டைசன் 12 தாண்டிப் போட்டியிட்டதே இல்லை. எனக்கு 12 என்றாலும் அலி புள்ளிகளில் வெல்வார், 15 என்றால் அது முடிவதற்கு முன்பே டைசன் தொடர முடியாமல் தோற்றுவிடுவார்.

கம்ப்யூட்டரிடம் கேட்கலாமே என்று யாராவது சொன்னால், அதையும் செய்து பார்த்தாயிற்று. கம்ப்யூட்டர் கணிக்கும் சண்டை என்று சொல்லி, 1969இல் அலியையும் ஓய்வுபெற்ற முன்னாள் சாம்பியன் ராக்கி மார்சியானோவையும் நடிக்கவைத்துப் பல முடிவுகளைப் படம்பிடித்தார்கள். 1970இல் அமெரிக்கத் திரையரங்குகளில் 13ஆவது சுற்றில் மார்சியானோ ஜெயித்தார். ஐரோப்பாவுக்கு அலி ஜெயிக்கும் முடிவு போயிற்று. பார்ப்பவரைப் பொறுத்து மாறும் முடிவை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னும் ஒன்று. உங்கள் நண்பர் ஆண்டை மாற்றி, 1975இல் மணிலாவில் ஃப்ரேசியரோடு பதினான்கு சுற்று மல்லுக்கட்டிய அலியை 1988 டைசன் முன் நிறுத்தினால், என் விடையும் மாறும். அந்த அலியின் கால்கள் தளர்ந்துவிட்டன, அடியை விலக்குவதற்குப் பதில் தாங்கிக்கொள்ளப் பழகிவிட்டார். அங்கே நான் டைசன் பக்கம், அதுவும் ஆறாவது சுற்றுக்குள்.