கல்கத்தாவுக்கு வரவிருக்கும் தங்கச்சிக்கு

உப்புவெளியிலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன், தங்கச்சி. முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சியை முடித்துவிட்டீர்கள். கல்கத்தாவில் தெருப் பிள்ளைகளுக்காக நிலையம் நடத்தும் கன்னியர் சபையொன்று ஓராண்டு வந்து தொண்டு செய்யும்படி உங்களை அழைத்திருக்கிறது. வீட்டில் அம்மா தயங்குகிறார். அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும், தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும் போதுமா, ஓராண்டில் அந்தப் பிள்ளைகளுக்கு உங்களால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலையை விட்டு இங்கே வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆறு மாதத்துக்கென்று வந்தவள், இந்த ஊர்க்காரர் ஒருவரை மணந்து, சியால்தா புகையிரத நிலையத்துக்கு அருகே ஒரு மாலை வகுப்பில் இன்னமும் எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விதான் கனமானது. மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

ஓராண்டுத் தொண்டுக்குச் சுற்றுலா விசாவில் வந்துவிடாதீர்கள். இந்தியாவில் சமயப் பணிக்கென்றும் தொண்டு நிறுவன வேலைக்கென்றும் தனித்தனி விசா வகைகள் உண்டு. உங்களை அழைத்த சபையிடம் எந்த வகைக்கு என்று குறிப்பிட்டுக் கடிதம் கேட்டு வாங்குங்கள். 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவென்றால், வந்து இறங்கிய 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டியிருக்கும். பொலிஸ் நற்சான்றிதழை ஊரிலேயே எடுத்து வாருங்கள். பிள்ளைகளோடு வேலை செய்ய வருபவரிடம் அதைக் கேட்காத நிலையம் ஒன்று இருந்தால், அந்த நிலையத்தைப் பற்றியே நான் யோசிப்பேன்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம்மவர்களுக்கு இதைச் சொல்லாமல் விட முடியாது. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர்கள் "பிள்ளைகளுக்குக் கொடு" என்று உங்கள் கையில் பணம் அனுப்பத் தொடங்குவார்கள். வெளிநாட்டு நன்கொடைக்கு 2010ஆம் ஆண்டின் சட்டமொன்று இருக்கிறது. அதன் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அவ்வாறான பணம் முதலில் புது டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் கிளையொன்றின் கணக்குக்குத்தான் வந்து சேர வேண்டும். அன்னை தெரேசாவின் சபைக்கே 2021ஆம் ஆண்டு நத்தார் நாளில் வெளிநாட்டு நன்கொடை பெறும் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்து, பிறகு 2022 ஜனவரியில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய சபையின் நிலையே அதுவென்றால், உங்கள் மாமா அனுப்பும் நூறு டொலர் ஒரு சிறிய நிலையத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எண்ணிப் பாருங்கள். கேட்பவர்களைச் சபையின் அலுவலகத்தோடு கதைக்கச் சொல்லிவிட்டு நீங்கள் விலகிவிடுங்கள்.

சாப்பாட்டில் பெரிய தொல்லை இல்லை. மதியத்தில் சோறும் மீனும் இங்கேயும் உண்டு. ஆனால் தேங்காய்ப்பாலுக்குப் பதில் கடுகெண்ணெய், கடல் மீனுக்குப் பதில் முள் நிறைந்த ஆற்று மீன். அறுக்குளாவும் பாரையும் தின்று வளர்ந்த நாக்கு மூன்று மாதம் முறைப்பாடு செய்து, பிறகு அடங்கிவிடும். ஏப்ரலும் மேயும் நம் ஊர் வெயிலை விடக் கடுமையானவை, ஏனென்றால் மாலையில் கடற்காற்று வந்து ஆற்றுவதில்லை. மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். டிசம்பருக்கு ஒரு கம்பளிச் சட்டை வேண்டும்.

மொழிக்கு வருகிறேன். தமிழும் ஆங்கிலமும் போதாது. சகோதரிகளோடு ஆங்கிலத்தில் சமாளிக்கலாம், பிள்ளைகளோடு முடியாது. இங்கே தண்ணீருக்கு "ஜோல்" என்று பெயர். நம் ஊரில் "சலம்" என்றால் சிறுநீர் என்பது உங்களுக்குத் தெரியும். வந்த முதல் கிழமை ஒரு பையன் ஜோல், ஜோல் என்று கேட்க, நான் அவனைக் கையைப் பிடித்துக் கழிவறைக்கு அழைத்துப்போய் நிறுத்தினேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவில் இருக்கிறது. வங்காளியில் "நீ" என்பதற்கு மூன்று படிகள் உண்டு: தூய், துமி, ஆப்னி. தெருவில் பொலிஸ்காரரும் கடைக்காரரும் இந்தப் பிள்ளைகளைத் தூய் என்றே அழைப்பார்கள். நீங்கள் துமி என்று அழைத்துப் பாருங்கள், முகம் மாறுவதைக் காண்பீர்கள். இன்னொரு சொல்லும் உண்டு, "கால்". நேற்றுக்கும் அதே சொல், நாளைக்கும் அதே சொல். வினைச்சொல்லைக் கேட்டுத்தான் எது என்று அறிய வேண்டும். இந்தச் சொல்லுக்கு நான் பிறகு திரும்பி வருவேன்.

மொழியைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இந்த நகரத்திலேயே சான்று இருக்கிறது. அன்னை தெரேசா 1929ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தார். சேரிக்குள் இறங்கியது 1948இல். இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளில் வங்காளி கற்று, பெரும்பகுதியைப் பள்ளி ஆசிரியையாகக் கழித்து, தாம் சேர்ந்திருந்த லொரேட்டோ கன்னியர் சபையை விட்டு வெளியேறிய பின்னும் உடனே தெருவுக்குப் போகாமல் பாட்னாவுக்குச் சென்று தாதிமை பயின்றுவிட்டே மோதிஜில் சேரிக்குத் திரும்பினார். அங்கே கரும்பலகை இல்லாததால் குச்சியால் மண்ணில் எழுத்துகளைக் கீறிக் காட்டினார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன் நடந்த ஆயத்தத்தைச் சொல்பவர்கள் குறைவு. 1952இல் அவர் திறந்த மரணத் தறுவாயினருக்கான இல்லம் காளிகாட் கோவிலை ஒட்டிய பழைய யாத்திரிகர் மடத்தில்தான் இருக்கிறது. பத்திரகாளி அம்மன் கோவில் தெருவால் நடந்து பழகிய உங்களுக்கு அந்தச் சூழல் அந்நியமாகத் தோன்றாது. அதே இல்லத்தை 1994இல் பார்த்துவிட்டு, லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபொக்ஸ், நோயை இனங்காணும் முறையும் வலி நிவாரணியும் அங்கே போதாது என்று எழுதினார். அன்பு நிறைந்த இடத்திலும் ஒருவர் கேள்வி கேட்கலாம். நீங்களும் கேட்கலாம், மரியாதையோடு.

சியால்தாவில் நீங்கள் காணப்போகும் பிள்ளைகளில் பலர் அநாதைகள் அல்லர். தெற்கே கானிங் பாதையால் வரும் புகையிரதங்களில் வீட்டு வேலைக்குப் போகும் தாய்மாரோடு வந்தவர்கள், சுந்தரவனத் தீவுகளில் 2009 மே மாதத்து ஐலா புயலுக்கும் 2020 மே மாதத்து அம்பான் புயலுக்கும் பின் நிலத்தில் உப்பு ஏறிப் பிழைப்பு இழந்த குடும்பங்களின் பிள்ளைகள், பீகாரிலிருந்து கோபித்துக்கொண்டு ஏறியவர்கள் என்று பலவகை. வெற்றுப் போத்தல் பொறுக்கி விற்கிறார்கள். சப்பாத்து ஒட்டும் பசையைத் துணியில் ஊற்றி முகர்கிறார்கள், ஏனென்றால் அது பசியைச் சில மணி நேரம் மறக்கச் செய்கிறது. இப்படித் தனித்திருக்கும் பிள்ளையைக் கண்டவுடன் நிலையத்துக்கு அழைத்து வந்து வைத்துக்கொள்ள யாருக்கும் அதிகாரம் இல்லை. 2015ஆம் ஆண்டின் சிறுவர் நீதிச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் சிறுவர் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். 1098 என்ற எண் அதற்கென்றே இருக்கிறது. முதலில் தேட வேண்டியது தாயை. நம்மில் பலர் பிள்ளையைக் கண்டதும் தாயாகிவிட விரும்புகிறோம். அவனுடைய தாய் பெரும்பாலும் கானிங்கில் இருக்கிறாள்.

என் தவறை இங்கேதான் சொல்ல வேண்டும். வந்த இரண்டாம் ஆண்டில், ஏழு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே எழுதுவான். மற்றவர்களுக்கு நான் ஆன்ட்டி. அவனுக்கு மட்டும் தீதி, அதாவது அக்கா. ஊரில் அம்மாவுக்குச் சுகமில்லை என்று செய்தி வந்தபோது மூன்று மாதம் போக வேண்டியிருந்தது. அதை அவனிடம் சொல்ல மனம் வராமல், "கால் ஆஷ்போ", நாளை வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். ஒரு கிழமை வரை அவன் மாலைதோறும் என் பாயையும் சேர்த்து விரித்து வைத்தானாம், பிறகு விரிக்கவில்லையாம். நான் திரும்பி வந்தபோது அவன் கோபிக்கவில்லை, ஓடி ஒளியவில்லை. புகையிரத மேடையில் இறங்கும் பயணிகளிடம் நீட்டும் அதே கையை, அதே குரலில், என்னிடமும் நீட்டி, "ஆன்ட்டி, பிஸ்கட்" என்றான்.

அந்தப் பாய்க் கதையை எனக்குச் சொன்னவர் நிலையத்தில் சமைத்துக் கூட்டித் துடைக்கும் மாஷி. மாஷி என்றால் வங்காளியில் சின்னம்மா. இங்கே இல்லங்களில் கூலிக்கு வேலை செய்யும் பெண்களையெல்லாம் அப்படித்தான் அழைப்போம். (முதலில் கேட்டபோது எனக்கு நம் ஊர் மாசிக் கருவாட்டுச் சம்பல்தான் நினைவுக்கு வந்தது.) வெளிநாட்டுத் தொண்டர்கள் வந்து போகும்போது படம் எடுத்துக்கொள்வது பிள்ளைகளோடு, இரவில் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு ஈரத் துணி போடுவது மாஷி. சகோதரிகளுக்கும் இடமாற்றம் உண்டு, மாஷிக்கு இல்லை. நான் வந்த நாளில் இருந்தவர்களில் இருவர் இன்னும் இருக்கிறார்கள்.

ஆகவே, ஓராண்டில் பயன் உண்டா என்ற கேள்விக்கு என் பதில் இது: பிள்ளைகளுக்கு நேரடியாகக் கொஞ்சம்தான் செய்ய முடியும், மாஷிகளுக்கு நிறையச் செய்யலாம். நீங்கள் முன்பள்ளிப் பயிற்சி பெற்றவர். பேச்சு தாமதமான பிள்ளையை எப்படி இனங்காண்பது, எண்ணுவதற்குப் புளியங்கொட்டையையும் சோகியையும் எப்படிப் பயன்படுத்துவது, சண்டையைக் கையோங்காமல் எப்படி நிறுத்துவது என்பதையெல்லாம் அவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் கையால் செய்யவைத்துக் காட்டினால், நீங்கள் போன பிறகும் அது அங்கே இருக்கும். முதல் மூன்று மாதம் பாத்திரம் கழுவுங்கள், போர்வை தோயுங்கள், மொட்டைமாடியில் காயப்போடுங்கள். மொழி அங்கேதான் வரும், மாஷிகளின் நம்பிக்கையும் அங்கேதான் வரும். இதே சியால்தாவில் லொரேட்டோ பள்ளியின் அதிபராக இருந்த அயர்லாந்துச் சகோதரி சிரில் மூனி செய்ததும் ஏறத்தாழ இந்த வகைதான். தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்குள்ளேயே அழைத்து, கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவிகளையே அவர்களுக்கு ஒருவருக்கு ஒருவராகக் கற்பிக்கச் செய்தார். 2007இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எனக்கு அதை விடப் பெரிதாகத் தோன்றுவது, கற்பித்தவர்கள் வெளியிலிருந்து விமானத்தில் வந்தவர்கள் அல்லர், அதே பள்ளியின் பிள்ளைகள் என்பதே.

வெளியிலிருந்து வந்தவர்களும் பிள்ளைகளுக்குத் தந்தையாகலாம் என்பதற்கு, நம் ஊருக்கு வந்த இயேசு சபைக் குருக்களை நீங்கள் எடுத்துக்காட்டியிருந்தீர்கள். உண்மைதான், ஆனால் கணக்கைப் பாருங்கள். ஹேபர்ட் அடிகளார் லூசியானாவிலிருந்து 1948இல் கிழக்கிலங்கைக்கு வந்தார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி மட்டக்களப்புக்குப் போகும் வழியில் காணாமற்போகும்வரை நம்மவர்களோடே இருந்தார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் இருப்பவர் பிள்ளைகளுக்குத் தந்தையாகலாம். பன்னிரண்டு மாதம் இருப்பவர் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் சமயத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் முஸ்லிம், இந்துப் பிள்ளைகள். ரமழானில் நோன்பு பிடிக்கும் பெரிய பையன்களுக்கு மாலை உணவை ஒதுக்கி வைக்கிறோம். துர்க்கா பூசைக்கு எல்லோரும் பந்தல் பார்க்கப் போகிறோம். செபம் காலையில் சகோதரிகளோடு சிற்றாலயத்தில். தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையிடம் செபம் சொல்லச் சொல்வதை நான் பாவம் என்றே கருதுகிறேன். பசித்த பிள்ளை எந்தச் செபத்தையும் சொல்லும்.

படம் எடுக்க வேண்டாம். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், முகாமில் வரிசையில் நின்ற என்னை ஒருவர் வாளியோடு படம் எடுத்துக்கொண்டு போனார். அந்தப் படம் எந்த நாட்டில் எந்தச் சுவரில் தொங்குகிறதோ தெரியாது. உங்கள் வயதில் உள்ளவர்களுக்கு அந்த வரிசை நினைவிருக்காது, அம்மாவிடம் கேளுங்கள்.

அம்மாவோடு நானே தொலைபேசியில் கதைக்கிறேன். நவம்பரில் வாருங்கள், வெயில் தணிந்திருக்கும். வரும்போது பெரிய எண்கள் உள்ள நாட்காட்டி ஒன்று எடுத்து வாருங்கள், தமிழ் நாட்காட்டியானாலும் பரவாயில்லை. முதல் நாளே நீங்கள் புறப்படும் திகதியில் சிவப்பு வட்டம் இட்டு வகுப்புச் சுவரில் தொங்கவிட்டு, மாலைதோறும் ஒரு பிள்ளையைக் கொண்டு ஒரு நாளை வெட்டச் செய்யுங்கள். நான் இப்போது ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன். பெட்டியில் இடம் மிஞ்சினால் மாசி அரைக் கிலோ போட்டு வாருங்கள். மாஷிக்குச் சம்பல் இடித்துக் காட்டுவதாகப் பத்தொன்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.