ஏசி முதல் அஷ்டபந்தனம் வரை: நிறுவுவது பற்றி வாசகர் கேள்விகள்

புதிதாக 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி மாட்டினோம். வந்தவர் பம்ப் எதுவும் கொண்டுவரவில்லை. கேஸை லேசாகத் திறந்துவிட்டு, "உள்ளே இருந்த காற்று போயிடுச்சு சார்" என்றார். ஒரு மாதமாக நன்றாகத்தான் ஓடுகிறது. பயப்பட வேண்டுமா? (தாம்பரம்)

பயப்பட வேண்டாம், ஆனால் சும்மாவும் விடாதீர்கள். கேஸ் முழுவதும் அவுட்டோர் யூனிட்டில் அடைத்தே வருகிறது. அங்கிருந்து அறைக்கு வரும் இரண்டு செம்புக் குழாய்களிலும் (உங்கள் ஏசிக்குப் பெரும்பாலும் கால் அங்குலம், அரை அங்குலம்) இருப்பது நம் ஊர்க் காற்று, அதாவது ஈரம். கேஸை ஊதிவிட்டால் காற்றில் பெரும்பகுதி வெளியேறும். குழாயின் உள்சுவரில் ஒட்டிய ஈரம் நகராது. வேக்குவம் பம்ப் போட்டு அழுத்தத்தைக் கீழே இறக்கினால்தான் அந்த ஈரம் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியே வரும்.

தங்கிய ஈரத்தை கம்ப்ரஸர் எண்ணெய் உறிஞ்சிக்கொள்ளும். ஆர்32 என்ற கேஸ் ஓடும் ஏசிகளில் போடும் எண்ணெய்க்கு அந்தத் தாகம் அதிகம். நாளடைவில் அமிலம் உருவாகி மோட்டார் வைண்டிங்கின் பூச்சை அரிக்கும். எக்ஸ்பான்ஷன் வால்வில் ஈரம் உறைந்தால் கூலிங் விட்டுவிட்டு வரும். இதெல்லாம் முதல் மாதத்தில் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது கோடையில் தெரியும்.

முறையான வேலை இப்படி: ஃப்ளேர் நட்டுகளை இறுக்கியதும் தடித்த குழாயின் சர்வீஸ் வால்வில் பம்பை இணைத்து 20 முதல் 30 நிமிடம் ஓட்ட வேண்டும். மைக்ரான் கேஜ் (வேக்குவத்தை அளக்கும் மீட்டர்) 500க்குக் கீழே வர வேண்டும். பம்பை மூடி 10 நிமிடம் வைத்தால் முள் ஏறக் கூடாது. ஏறினால் எங்கோ கசிவு, அல்லது ஈரம் மிச்சம். அதன் பிறகே ஆலன் கீயால் கேஸைத் திறப்பது, மூட்டுகளில் சோப்பு நுரை வைத்துப் பார்ப்பது எல்லாம்.

இப்போது செய்ய வேண்டியது: வாரண்டிக் காலத்திலேயே எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். "பம்ப் டவுன்" செய்து (கேஸை அவுட்டோர் யூனிட்டுக்கே இழுத்து அடைத்து) அதே கேஸை மறுபடி விடுகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஈரமும் அதோடுதான் போய்வரும். பழைய கேஸை ரெகவரி சிலிண்டரில் எடுத்து, வேக்குவம் செய்து, அவுட்டோர் யூனிட் லேபிளில் உள்ள கிராம் கணக்குப்படி தராசு வைத்துப் புதிதாக நிரப்பச் சொல்லுங்கள். ஆர்32 மெல்லத் தீப்பற்றும் வகை. மூடிய பால்கனியில் அதைத் திறந்துவிடுவது அந்த வகையிலும் தப்பு.

கீஸர் ஓடும்போது அடியில் உள்ள வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பிளம்பர் அடைத்துவிடலாம் என்கிறார். (மதுரை)

அடைக்கவே கூடாது. 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாகும்போது சுமார் கால் லிட்டர் பெருகும். வால்வு அதைத் திரும்பிப் போக விடாது. அதனால் தன் வாய் வழியே சொட்டவிடுகிறது. அதை அடைத்தால் அழுத்தம் டேங்கின் மேல் ஏறும். சின்ன டியூப் போட்டு வடிகால் பக்கம் விடுங்கள், நுனியைத் திறந்தே வையுங்கள். சூடாக்காத நேரத்திலும் நாள் முழுக்கச் சொட்டினால் மட்டும் வால்வில் தூசி, அல்லது பிரஷர் பம்பின் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

கும்பாபிஷேகம் முடிந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. மூலவரைப் பீடத்தோடு ஒட்ட அடியில் சாத்திய அஷ்டபந்தன மருந்து விரிசல் விட்டு, அபிஷேகத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. வெள்ளை சிமென்ட் வைத்துப் பூசிவிடலாம் என்கிறார் கமிட்டியில் ஒருவர். (கும்பகோணம் அருகே)

அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்துவிடுங்கள். சிமென்ட் இறுகினால் நெகிழாது. காய்ந்ததும் சுருங்கி விளிம்பில் இடைவெளி விடும். அதிலிருந்து கசியும் உப்பு கல்லின் மேல் வெள்ளை பூக்கும். அடுத்த கும்பாபிஷேகத்தில் அதைப் பெயர்க்க உளி வைத்தால் பீடத்தின் விளிம்பும் கூடவே வரும்.

அஷ்டபந்தன மருந்தின் சிறப்பே அது கல்லாக இறுகிவிடாமல் இருப்பதுதான். தமிழ்நாட்டு வழக்கில் எட்டுப் பொருட்கள்: கொம்பரக்கு, சுக்கான்கல் தூள், குங்குலியம், கற்காவி, செம்பஞ்சு, ஜாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். அரக்கும் குங்குலியமும் ஒட்டும் பசை. சுக்கானும் காவியும் உடம்பு கொடுக்கும். பஞ்சு நாராக நின்று விரிசலைப் பிடிக்கும். மெழுகும் வெண்ணெயும் நெகிழ்ச்சி தந்து தண்ணீரைத் தள்ளும். கேரளத்தில் சேர்மானம் வேறு. அளவும் ஆகமத்துக்கு ஆகமம், ஸ்தபதி பரம்பரைக்குப் பரம்பரை மாறும் என்பதால் ஒரு பட்டியலைப் படித்துவிட்டு நீங்களாகக் கலக்காதீர்கள். ஜாதிலிங்கம் பாதரசக் கூட்டு. அதை அடுப்பில் காய்ச்சினால் வரும் புகை விஷம்.

சீக்கிரம் விரிவதற்கு நாம் பார்க்கும் காரணங்கள் சில. முதலாவது, இடிப்பது போதாமை. தூளாக்கிச் சலித்த சரக்கை வெண்ணெய் விட்டு இடிக்க இடிக்கத்தான் சூடேறி, திரித்தால் நூலாக இழுபடும் பதம் வரும். விரலால் உருட்டி அழுத்தும்போது ஓரம் வெடித்தால் பதம் வரவில்லை. கடைசி நாளில் அவசரமாக இடித்து, யாகசாலை மணி அடித்ததும் எடுத்துப்போய்ச் சாத்துவது எல்லா ஊரிலும் நடக்கிறது. இரண்டாவது, பழைய மருந்தை முழுவதும் சுரண்டாமல் அதன் மேலேயே புதியதை வைப்பது. மூன்றாவது, பீடத்துப் பள்ளம் ஈரமாக இருப்பது. துணியால் துடைத்தால் போதாது, நன்றாகக் காய வேண்டும். நான்காவது, மருந்து இறுகுமுன்பே மண்டலாபிஷேகத்தில் எண்ணெய்க்காப்பு, வெந்நீர் என்று தொடங்கிவிடுவது. எண்ணெய் மெழுகை இளக்கும்.

உங்கள் வழக்கில் முதலில் ஸ்தபதியை அழைத்து, விரிசல் மருந்தில் மட்டுமா, பீடமே இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பீடம் அசைந்திருந்தால் எத்தனை முறை மருந்து சாத்தினாலும் நிற்காது. மருந்து மட்டும்தான் என்றால், பாலாலயம் (திருப்பணி முடியும்வரை தெய்வத்தைத் தற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருளச் செய்வது) வேண்டுமா, சிறு பரிகாரத்தோடு முடிக்கலாமா என்பதைச் சிவாச்சாரியார் சொல்ல வேண்டும். அறநிலையத் துறைக் கோயில் என்றால் துறையின் அனுமதியில்லாமல் கையே வைக்கக் கூடாது. அதுவரை மூலவருக்கு அபிஷேகத்தைக் குறைத்து, உற்சவருக்குச் செய்துகொள்ளலாம்.

வீட்டில் இன்வெர்ட்டர் போட்டதிலிருந்து ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது. இன்வெர்ட்டர் கோளாறா? (கோவை)

பெரும்பாலும் இல்லை. ஆர்.சி.சி.பி. என்பது கரன்ட் கசிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச். அது பார்ப்பது ஒன்றே ஒன்று: ஃபேஸில் போன கரன்ட் அதே அளவு நியூட்ரலில் திரும்பியதா? 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் விழுந்துவிடும். பழைய வீட்டில் இன்வெர்ட்டர் போடும்போது எலக்ட்ரீஷியன் ஃபேன், லைட்டுகளின் ஃபேஸை மட்டும் பிரித்து இன்வெர்ட்டரோடு இணைப்பார். நியூட்ரல் பழைய இடத்திலேயே கிடக்கும். அது இன்னொரு ஆர்.சி.சி.பி. வழியாகவோ, எதையும் தொடாமலோ திரும்பினால் கணக்கு இடிக்கும்.

எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு ஒவ்வொரு அறையாகப் போட்டுப் பாருங்கள். எந்த அறையில் விழுகிறதோ அந்த வயரிங்கின் நியூட்ரல்தான் தப்பான இடத்தில் இருக்கிறது. இன்வெர்ட்டர் லைன்களுக்குத் தனி நியூட்ரல் லிங்க் வைத்து, ஃபேஸ் போன வழியாகவே அதுவும் திரும்பும்படி மாற்றச் சொல்லுங்கள். "தொல்லையா இருக்கு" என்று ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி நேரடியாக இணைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். விடாதீர்கள்.

கல்லூரிக் கலைவிழாவுக்கு முற்றத்தின் மேல் 300 பழைய குடைகளை விரித்துத் தொங்கவிட்டு ஓர் இன்ஸ்டலேஷன் செய்கிறோம். குடைக்கு எடையே இல்லை, கயிறு போதும்தானே? (திருச்சி)

எடையைப் பார்க்காதீர்கள், காற்றைப் பாருங்கள். 400 கிராம் குடைதான். ஆனால் ஒரு மீட்டர் அகல விரிந்த குடையில் மணிக்கு 40 கி.மீ. காற்று நேராக மோதினால் இழுவை 7 கிலோவைத் தாண்டும். ஒரு கம்பியில் 30 குடை என்றால் 200 கிலோவுக்கு மேல்.

அடுத்தது கம்பியின் தொய்வு. அழகுக்காக விறைப்பாக இழுத்துக் கட்டத் தோன்றும், ஆபத்தே அங்குதான். 20 மீட்டர் இடைவெளியில் நடுவே ஒரு மீட்டர் தொய்வு விட்டால் கம்பியின் இழுவிசை மொத்தச் சுமையைப் போல இரண்டரை மடங்கு. 25 செ.மீ. மட்டும் விட்டால் 10 மடங்கு. 6 மி.மீ. ஸ்டீல் ரோப் ஏறக்குறைய 2 டன்னில் அறும். ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 400 கிலோவுக்கு மேல் அதை நம்பக் கூடாது. ஆகவே ஒரு கம்பிக்கு 20 குடை, தொய்வு ஒரு மீட்டர். நைலான் கயிறு வேண்டாம், வெயிலில் நைந்துபோகும். முனையை மடக்கிக் கிளிப் போடும்போது மூன்று கிளிப்பாவது போடுங்கள். கிளிப்பின் யூ வளைவு வெட்டுமுனைப் பக்கம், அதன் அடிப்பகுதி சுமை தாங்கும் பக்கம் வர வேண்டும். தலைகீழாகப் போட்டால் சுமை தாங்கும் கம்பியையே நசுக்கும். கட்டுவது கான்கிரீட் தூணில். பால்கனி கிரில்லில் அல்ல. ஒவ்வொரு குடையின் உச்சியிலும் கைப்பிடியிலும் இரண்டு கட்டு.

1991இல் கிறிஸ்டோ, ஜான்-கிளாட் என்ற கலைஞர் தம்பதி கலிஃபோர்னியாவில் 1,760 மஞ்சள் குடைகளையும் ஜப்பானில் 1,340 நீலக் குடைகளையும் நிறுவினார்கள். ஒவ்வொன்றும் 6 மீட்டர் உயரம், 200 கிலோவுக்கு மேல் எடை, பொறியாளர்கள் கணக்குப் போட்டவை. அப்படியும் பலத்த காற்றில் கலிஃபோர்னியாவில் ஒரு குடை பிடுங்கிக்கொண்டு போய் ஒரு பெண் இறந்தார். கிறிஸ்டோ இரண்டு நாட்டிலும் உடனே மூடச் சொன்னார். கழற்றும்போது ஜப்பானில் கிரேன் மின்கம்பியில் பட்டு ஒரு தொழிலாளியும் இறந்தார். அதனால் பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று மாட்டும் நாளில் மட்டுமல்ல, கழற்றும் நாளிலும் பாருங்கள். காற்று எழுந்தால் யார் இறக்குவது, எத்தனை நிமிடத்தில் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள்.

குடியிருப்போர் சங்கத்தின் புதிய நிர்வாகிகளுக்குப் பதவியேற்பு விழா. நிகழ்ச்சி நிரல் எப்படி அமைப்பது? (சேலம்)

ஆண்டறிக்கை, வரவு செலவு, பழைய குழுவுக்கு நன்றி, உறுதிமொழி, பொறுப்பு ஒப்படைப்பு, புதிய தலைவரின் பேச்சு. ஒரு மணி நேரம் போதும். சால்வைகளைக் குறைத்தால் முக்கால் மணி. மேடையில் ஒப்படைப்பது மாலையோடு நிற்காமல் தீர்மானப் புத்தகம், ரசீதுப் புத்தகங்கள், செக் புத்தகம், லிஃப்ட் மற்றும் ஜெனரேட்டர் பராமரிப்பு ஒப்பந்தங்கள், சாவிகள் என்று பட்டியல் போட்டு இரு தரப்பும் கையெழுத்திடட்டும். வங்கிக் கையொப்பம் மாற்றும் தீர்மானத்தை அன்றே நிறைவேற்றி, பதிவு பெற்ற சங்கம் என்றால் நிர்வாகிகள் மாற்றத்தைச் சங்கப் பதிவாளருக்கும் தெரிவித்துவிடுங்கள்.