கையில் பிடித்தால் சிக்னல் குறைவது ஏன்?

சிங்கப்பூர் தேக்காவில் நின்று பேசும்போது கைத்தொலைபேசியை இறுக்கிப் பிடித்தால் சிக்னல் கோடு குறைகிறது, மேசையில் வைத்தால் திரும்பி வருகிறது, போன் கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கெடவில்லை. உங்கள் கைதான் குறுக்கே நிற்கிறது. உடம்பிலுள்ள உப்புநீர் ரேடியோ அலையை உறிஞ்சிக்கொள்ளும். இது எந்த போனுக்கும் உள்ளதுதான்.

2010 ஜூனில் வந்த ஐபோன் 4இன் கதை வேறு. அதில் வெளியே சுற்றியிருந்த எஃகுச் சட்டமே ஆன்டெனா, அதாவது ரேடியோ அலையைப் பிடிக்கும் பாகம். இடப்பக்கம் கீழே அந்தச் சட்டத்தில் மெல்லிய ஓர் இடைவெளி. உள்ளங்கை அங்கே பட்டால் பிரிந்திருக்க வேண்டிய இரண்டு துண்டும் இணைந்து, ஆன்டெனாவின் ஒத்திசைவே, அதாவது சரியான அலைவரிசையைப் பிடிக்கும் திறனே, குலைந்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை எப்போது காய்ந்திருக்கிறது, சொல்லுங்கள்!

"அப்படிப் பிடிக்காதீர்கள்" என்கிற தொனியில்தான் ஐபோன் தயாரிக்கும் ஆப்பிளிடமிருந்து முதல் பதில் வந்தது. காசு கொடுத்து வாங்கியவருக்கு எரிச்சல் வராதா? கடைசியில் ஜூலை 16இல் ஆப்பிளின் அப்போதைய தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் இலவச உறை தருவதாக அறிவித்தார். உறை போட்டால் தோல் உலோகத்தில் படாது, அவ்வளவுதான் வைத்தியம்.

உங்கள் போனில் பிடியைக் கொஞ்சம் மேலே நகர்த்திப் பாருங்கள். அடுக்குமாடி புளோக் லிஃப்டுக்குள் மட்டும் சிக்னல் போனால் பழி கைக்கு இல்லை, அந்த இரும்புப் பெட்டிக்கு.