டோனர் குழு: கேட்டவர்களுக்குச் சொன்னவை

கதை தெரியாதவர்களுக்காக முதலில் சுருக்கம். 1846 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து டோனர், ரீட் குடும்பங்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பின. வழியில் வேறு குடும்பங்களும் சேர, 87 பேர் ஆனார்கள். சியரா நெவாடா மலையில் பனிக்காலம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. உயிரோடு மிஞ்சியவர்கள் 48 பேர். நான் குடியிருக்கும் சாக்ரமெண்டோவிலிருந்து, அவர்கள் பனியில் சிக்கித் தங்கிய ஏரி காரில் இரண்டு மணி நேரத்துக்குள். அதனால் இந்தக் கதையின் மேல் எனக்குக் கொஞ்சம் பைத்தியம். கேளுங்கள் என்றேன், கேட்டுத் தள்ளிவிட்டீர்கள்.

கேள்வி: அண்ணா, அதே வருஷம் எத்தனையோ வண்டிகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தனவே. இவர்கள் மட்டும் ஏன் மாட்டினார்கள்?

பதில்: குறுக்குவழி. லான்ஸ்ஃபோர்டு ஹேஸ்டிங்ஸ் என்பவர் 1845-இல் குடியேறிகளுக்கு ஒரு வழிகாட்டி நூல் போட்டார். பெரிய உப்பு ஏரிக்குத் தெற்கே திரும்பினால் தூரம் குறையும் என்று அதில் ஒரு வரி. அதை எழுதியபோது அவர் அந்த வழியில் போனதே இல்லை. மறுவருஷம்தான் குதிரையில் போய்ப் பார்த்தார். அந்தப் பயணத்தில் கூட வந்த ஜேம்ஸ் கிளைமன், லாரமி கோட்டையில் ஜேம்ஸ் ரீடைச் சந்தித்தபோது, வண்டியோடு அந்தப் பக்கம் போகாதே என்று நேருக்கு நேராகச் சொன்னார். ரீட் கேட்கவில்லை. இன்னொருவர் பிரிட்ஜர் கோட்டையில் எச்சரிக்கைக் கடிதம் விட்டுப் போனார். அது ரீடின் கைக்கு வரவே இல்லை. குறுக்குவழியில் ஆள் போனால்தான் அந்தக் கோட்டைக் கடைக்கு வியாபாரம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஜூலை 31-ஆம் தேதி பிரிட்ஜர் கோட்டையை விட்டார்கள். வாசாட்ச் மலையில் பாதையே கிடையாது. மரம் வெட்டி, பாறை புரட்டி, வண்டி போக இவர்களே தடம் போட வேண்டியிருந்தது. மலையைத் தாண்டி உப்பு ஏரிச் சமவெளியில் இறங்குவதற்குள் மூன்று வாரம் போய்விட்டது. அப்புறம் உப்புப் பாலைவனம். 65 கிலோமீட்டர் என்று ஹேஸ்டிங்ஸ் சொன்னது 130 கிலோமீட்டராக நீண்டது. தண்ணீர் இல்லாமல் மாடுகள் வெறிபிடித்து ஓடின, செத்தன. அங்கே மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட மாடுகள் போயின. பழைய பாதையில் திரும்ப வந்து சேர்ந்தது செப்டம்பர் 26. கணக்குப் பார்த்தால் அந்தக் 'குறுக்குவழி' வழக்கமான வழியைவிட 200 கிலோமீட்டர் அதிகம்.

சியரா நெவாடாவைக் கடக்கும் கணவாய்க்குக் கீழே அவர்கள் வந்தது அக்டோபர் கடைசியில். பனி முந்திக்கொண்டது. பனியை எல்லோரும் திட்டுகிறார்கள். ஆகஸ்டில் தொலைத்த நாட்கள்தான் இவர்களைக் கொன்றன என்பது என் எண்ணம்.

கேள்வி: எவ்வளவு சாப்பாடு எடுத்துப் போனார்கள்?

பதில்: அதே ஹேஸ்டிங்ஸ் நூலில் ஆளுக்கு இவ்வளவு என்று பட்டியல் இருக்கிறது: மாவு 90 கிலோ, உப்பிட்ட பன்றிக்கறி 68 கிலோ, சர்க்கரை 9 கிலோ, காபியும் உப்பும் நாலரை நாலரை கிலோ. வேடிக்கை என்னவென்றால் இந்தப் பகுதி நல்ல ஆலோசனைதான். ஆனால் மாடு செத்தால் வண்டி நின்றுபோகும், வண்டியில் உள்ளதும் அங்கேயே நின்றுபோகும். நிறையச் சாமான் பாலைவனத்திலேயே கிடந்தது.

கேள்வி: பனியைப் பார்த்ததும் திரும்பியிருக்கலாமே? கைவசம் இருந்த மாடுகளை அடித்து உப்புக்கண்டம் போட்டிருக்கலாமே?

பதில்: திரும்பினால் எங்கே போவது? பின்னால் இருந்தது வறண்ட பூமி. கணவாயை ஏறிக் கடக்கப் பல முறை முயன்றார்கள், முடியவில்லை. மிஞ்சியவற்றில் சில மாடுகளை அடித்துப் பனியில் புதைத்து வைத்தார்கள், அந்தக் குளிரில் இறைச்சி கெடாது. ஆனால் சில மாடுகள் புயலில் அலைந்து எங்கோ பனிக்கடியில் செத்துப்போயின. நீளமான கம்புகளால் குத்திக் குத்தித் தேடியும் அகப்படவில்லை. இன்று ஏரிக்கரையில் இருக்கும் நினைவுச் சின்னத்தின் பீடம் 22 அடி உயரம். அந்த வருஷப் பனி அவ்வளவு ஏறியிருந்தது என்று காட்டத்தான் அப்படிக் கட்டினார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

கேள்வி: மாட்டுத் தோலைத் தின்றார்கள் என்கிறார்களே, தோலை எப்படித் தின்பது?

பதில்: முடியைப் பொசுக்கி, சுரண்டி, மணிக்கணக்காக வேகவைத்தால் பிசின் போல ஒரு கூழ் வரும். ஆறினால் உறைந்துவிடும். அதன் வாடைக்கே பலருக்குக் குமட்டியது. எலும்பைத் திரும்பத் திரும்ப வேகவைத்து, தொட்டால் உதிரும் பதத்தில் தின்றார்கள். எலி பிடித்தார்கள். ரீட் வீட்டார் வளர்த்த நாயும் தப்பவில்லை. குடிசைக்குக் கூரையாகப் போட்டிருந்தவையும் மாட்டுத் தோல்கள்தான். ஆக, ஒரு கட்டத்தில் தலைக்கு மேலிருந்த கூரையையே இறக்கித் தின்றார்கள்.

இதற்கு நடுவில் ரீடின் மனைவி மார்கரெட் கிறிஸ்துமஸுக்கென்று கொஞ்சம் பீன்ஸ், ஒரு துண்டு பன்றிக்கறி, காய்ந்த ஆப்பிள் எல்லாம் யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தார். நாலு பிள்ளைகளுக்கும் அன்று ஒரு வேளை வயிறாரக் கிடைத்தது. எனக்கு இந்தக் கதையில் மறக்க முடியாத ஆள் இந்த அம்மாதான்.

கேள்வி: கேட்கவே சங்கடமாக இருக்கிறது. மனித மாமிசம் தின்றது நிஜமா?

பதில்: நிஜம். ஆனால் எல்லோரும் அல்ல, ரீட் குடும்பம் தொடவில்லை. டிசம்பர் 16 அன்று உதவி தேடி 17 பேர் கிளம்பினார்கள், இரண்டு பேர் திரும்பிவிட்டார்கள். நுகத்தில் மாட்டின் கழுத்தைச் சுற்றி வரும் வளைந்த மரத்தைப் பிளந்து, தோல் வாரால் பின்னி, பனியில் கால் புதையாத காலணி செய்துகொண்டார்கள். கையில் ஆறு நாள் உணவு. நடந்தது 33 நாள். வழியில் இறந்தவர்களைத் தின்றுதான் மற்றவர்கள் நடந்தார்கள். தன் சொந்தத்தைத் தான் தின்ன வேண்டாம் என்று பிரித்து வைத்துக்கொண்டார்களாம்.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. லூயிஸ், சால்வடோர் என்று இரண்டு மிவோக் இன இளைஞர்கள். கலிஃபோர்னியாவில் இருந்த சட்டர் கோட்டையிலிருந்து இவர்களுக்கு உணவு சுமந்து மலையேறி வந்தவர்கள். நடந்து களைத்து விழுந்தவர்களை இந்தக் கூட்டத்தில் ஒருவர் தின்பதற்காகவே சுட்டார். மற்றவர்கள் செத்த பிறகு உணவானார்கள். இவர்கள் இருவரும் அப்படியல்ல.

கேள்வி: பெண்கள்தான் அதிகம் பிழைத்தார்கள் என்று படித்தேன். எப்படி சார்?

பதில்: அந்த நடைப்பயணத்தையே பாருங்கள். போன 15 பேரில் பத்து ஆண்கள், ஐந்து பெண்கள். பிழைத்த ஏழு பேரில் ஐந்து பெண்களும் உண்டு, ஆண்கள் இரண்டே பேர். மொத்தக் குழுவிலும் ஆண்களின் சாவு விகிதம் பெண்களுடையதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிறிய உடம்புக்குத் தீனி குறைவாகப் போதும், தோலுக்கடியில் கொழுப்பும் பெண்களுக்கு அதிகம். பாதை வெட்டியதிலேயே ஆண்கள் பாதி தேய்ந்திருந்தார்கள்.

இன்னொன்று, குடும்பம். பிரீன் வீட்டில் தாய் தகப்பன், ஏழு பிள்ளைகள், ஒன்பது பேரும் பிழைத்தார்கள். ரீட் வீட்டிலும் ஆறு பேரும். வண்டியோட்டக் கூலிக்கு வந்த தனிக்கட்டை வாலிபர்கள், பார்த்தால் வாட்டசாட்டமான ஆட்கள், வரிசையாகச் செத்தார்கள். தன் பங்கில் ஒரு வாய் கொடுக்கவும், எழுந்திரு என்று அதட்டவும் அவர்களுக்கு ஆள் இல்லை. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளும் நிறையப் போனார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: அங்கே பழங்குடியினர் இருந்திருப்பார்களே?

பதில்: அது வாஷோ மக்களின் பூமி. பேட்ரிக் பிரீன் எழுதிய நாட்குறிப்பில் பிப்ரவரிக் கடைசியில் ஒரு பதிவு: தனியாக வந்த ஒருவர் வெங்காயம் போன்ற ஐந்தாறு கிழங்குகளைக் கொடுத்துவிட்டுப் போனார். தின்றால் சர்க்கரைவள்ளி ருசி, நார் நாராக இருந்தது என்கிறார். அதே மலையில் ஒருவர் கிழங்கோடு நடமாடுகிறார், இவர்கள் தோல் வேகவைக்கிறார்கள்.

கேள்வி: மீட்க வர ஏன் பிப்ரவரி வரை ஆயிற்று?

பதில்: மெக்சிகோவோடு சண்டை நடந்துகொண்டிருந்தது, ஆள் கிடைக்கவில்லை. அக்டோபரில் வழியில் நடந்த கைகலப்பில் ஒருவரைக் கொன்றதற்காகக் குழுவை விட்டுத் துரத்தப்பட்ட ரீட், முன்னதாகவே கலிஃபோர்னியா போய்ச் சேர்ந்திருந்தார். உடனே உணவோடு திரும்பி வந்தவரைப் பனி தடுத்தது. பிப்ரவரி 18-இல் ஏழு பேர் கொண்ட முதல் குழு வந்தது. குதிரை ஏறாத இடம், முதுகில் சுமந்தது எத்தனை பேருக்குக் காணும்? இரண்டாவது குழுவை ரீடே நடத்தி வந்தார். கடைசி ஆள் வெளியே வந்தது ஏப்ரலில்.

கேள்வி: ஒரு பொம்மையைப் பற்றி எங்கோ படித்த ஞாபகம்...

பதில்: ரீடின் மகள் பேட்டி, எட்டு வயது. வண்டியில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு வரச் சொன்னபோது ஒரு மரப்பாச்சியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டாள். முதல் மீட்புக் குழு அவளையும் மூன்று வயதுத் தம்பியையும் நடக்கத் தெம்பில்லை என்று கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே திருப்பி அனுப்பியது. அம்மா மற்ற இரண்டு பிள்ளைகளோடு போக வேண்டியதாயிற்று. சில நாளில் அப்பா வந்து தூக்கிப் போனார். ஆபத்து நீங்கிய பிறகுதான் பொம்மையை வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் அடங்கிவிடும் சைஸ். இப்போது சட்டர் கோட்டை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.